அடித்தவரும் அவர்தான், அள்ளிக் கொடுத்தவரும் அவர்தான்

சென்னையிலிருந்து காசிக்கு ரயிலில் போனவர்கள் பெரும்பாலும் மைஹரைத் தாண்டித்தான் போயிருப்பார்கள். ஜபல்பூரும் கட்னியும் போய், சத்னா வருவதற்கு முன்னால் வரும் ஊர். குன்றின்மேல் ஒரு சாரதா தேவி கோயில், ஏறிப் போக ஆயிரத்துச் சொச்சம் படிகள், சுற்றிலும் சுண்ணாம்புக்கல் பூமி, சிமெண்டு ஆலைகள். ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர்கூட நிமிர்ந்து பார்க்கக் காரணம் இல்லை. ஆனால் போன நூற்றாண்டில் உலகம் முழுக்க இந்திய இசை என்று கேட்டு வாய் பிளந்ததில் பெரும்பகுதி இந்த ஊரில், ஒரே ஒரு வங்காளியின் வீட்டில், விடியற்காலை 4 மணிக்கு எழுந்து சாதகம் செய்தவர்களிடமிருந்து வந்ததுதான். அந்த வங்காளி அலாவுதீன் கான். சீடர்களுக்கும் ஊராருக்கும் 'பாபா'.

ரவிசங்கரைத் தெரியாதவர்கள் நம்மில் குறைவு. சரோத் வாசித்த அலி அக்பர் கானை இந்துஸ்தானி கேட்கிற கூட்டத்துக்குத் தெரியும். சித்தார் நிகில் பானர்ஜிக்கு நம் ஊரிலும் பைத்தியமாக அலைகிற ரசிகர்கள் உண்டு, நானும் அந்தக் கட்சிதான். புல்லாங்குழல் ஹரிபிரசாத் சௌராஸியா டிசம்பர் சீசனுக்கு வந்தால் ஹால் நிரம்பும். இவர்கள் எல்லோரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள், அல்லது அந்த வீட்டுப் பெண்ணிடம் படித்தவர்கள் என்பதை ஒரு தகவலாகத் தெரிந்து வைத்திருந்தேனே தவிர, அதில் எவ்வளவு பெரிய ஆச்சரியம் இருக்கிறது என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. காரணம், இவர்களில் யாரும் இன்னொருவரைப் போல வாசிப்பதில்லை. ஒரு குருவிடம் படித்தவர்கள் என்றால் ஏதாவது ஒரு ஜாடை அடிக்க வேண்டாமா? நம் பக்கத்தில் பத்து நிமிஷம் கேட்டால் யாருடைய பாணி என்று சொல்லிவிடலாமே. இங்கே அப்படி இல்லை. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனதில்தான் இந்தக் கிழவர் எனக்குக் கொஞ்சம் பிடிபட்டார்.

பிறந்தது ஷிப்பூர் என்கிற கிராமம். இன்றைக்கு வங்கதேசத்தின் பிராமன்பாரியா மாவட்டத்தில் இருக்கிறது. பிறந்த வருஷத்தில் ஒரு பஞ்சாயத்து: குடும்பத்தார் கணக்குப்படி 1862, ஆராய்ச்சி செய்தவர்கள் சொல்வது 1881 வாக்கில். இறந்தது 1972 செப்டம்பர் 6, அதில் சந்தேகமில்லை. ஆக, போகும்போது வயது 110 அல்லது 91. மகன் அலி அக்பர் பிறந்தது 1922, அதற்குப் பிறகு மகள் அன்னபூர்ணா. அதையும் வைத்துப் பார்த்தால் எனக்கென்னவோ 1881தான் சரி என்று படுகிறது. ஆனால் 110 என்று சொல்லிக்கொள்வதில் வீட்டாருக்கு ஒரு சந்தோஷம், அதை நாம் ஏன் கெடுப்பானேன்.

அப்பா சித்தார் வாசிப்பார், அண்ணன் ஆஃப்தாபுத்தீன் பக்கிரி மாதிரி வாழ்ந்த இசைக்காரர். வீட்டிலேயே சங்கீதம் இருந்தது. இருந்தும் பையன் ஓடிப்போனான். பத்து வயதுகூட ஆகியிருக்காது என்கிறார்கள். ஜாத்ரா என்கிற வங்காளத்து நாடகக் கோஷ்டியோடு கொஞ்ச நாள், அப்புறம் கல்கத்தா. அன்னதானச் சோறு, கங்கைத் தண்ணீர், ஏதோ ஒரு கடை வாசலில் படுக்கை. அங்கே எப்படியோ கோபால கிருஷ்ண பட்டாச்சாரியார் என்ற பெரிய பாடகரிடம் போய்ச் சேர்ந்தான். 'நூலோ கோபால்' என்றால்தான் கல்கத்தாவுக்குத் தெரியும். அவர் போட்ட நிபந்தனை, 12 வருஷம் வெறும் ஸ்வரப் பயிற்சி, அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம். நம் ஊரில் சரளி வரிசையிலேயே மூன்று மாசம் ஓட்டினால் பெற்றோர் வந்து 'கீர்த்தனை எப்ப சார் ஆரம்பிப்பீங்க' என்று நிற்பார்கள். இந்தப் பையன் சரி என்றான். 7 வருஷம் அப்படியே போனது. அதற்குள் பிளேக் வந்து குருவைக் கொண்டுபோய்விட்டது.

அதற்குப் பிறகு பாட்டை விட்டுவிட்டார். அந்தக் குரு இல்லாமல் பாடுவதில்லை என்று முடிவு செய்ததாகச் சொல்வார்கள். வாத்தியங்கள் பக்கம் திரும்பியதில்தான் இவருடைய விநோதமான படிப்பு ஆரம்பமாகிறது. விவேகானந்தரின் உறவினர் அமிர்தலால் தத்தா, 'ஹாபு தத்தா' என்பார்கள், நாடகக் கொட்டகைகளுக்கு வாத்தியக்குழு நடத்திக்கொண்டிருந்தார். அவரிடம் போய்ச் சேர்ந்து கையில் கிடைத்த வாத்தியத்தையெல்லாம் கற்றார். லோபோ என்று ஒரு கோவாக்காரர், பேண்ட் மாஸ்டர், அவரிடம் மேற்கத்திய முறையில் வயலின். இன்னொருவரிடம் ஷெனாய். தபலா, பக்வாஜ், கிளாரினெட் எல்லாம் பக்கத்தில். பிழைப்புக்கு நாடகக் கொட்டகையில் வாசிப்பு. அங்கே ஓர் இந்துப் பெயரில் இருந்தார் என்பது தனிக் கதை. நடுவில் வீட்டார் தேடிப் பிடித்து ஊருக்குக் கொண்டுபோய்க் கல்யாணம் செய்துவைத்தார்கள். கல்யாணம் ஆன ராத்திரியே திரும்பவும் கல்கத்தாவுக்கு ஓட்டம். மனைவி மதன்மஞ்சரி எத்தனையோ வருஷம் அந்தக் கிராமத்திலேயே காத்துக்கிடந்தார். பிற்காலத்தில் பாபா அந்தப் பெயரில் ஒரு ராகத்தையே உண்டாக்கினார் என்பதை ரசிகர்கள் நெகிழ்ந்து சொல்வார்கள். எனக்கு நெகிழ்ச்சி அவ்வளவாக வரவில்லை. ராகம் பின்னால் வந்தது. அந்த வருஷங்கள் போனது போனதுதான்.

எல்லாம் கற்றாயிற்று என்ற தெம்பில் முக்தாகாசா ஜமீன்தார் வீட்டுக்கு வாசிக்கப் போனார். அங்கே அகமது அலி கான் என்பவர் சரோத் வாசிக்கக் கேட்டதும் தெம்பெல்லாம் போய்க் காலில் விழுந்துவிட்டார். சரோத் தோல் போர்த்திய குடமும், மெட்டே இல்லாத வழவழப்பான உலோகப் பலகையும் உள்ள வாத்தியம். விரலை வைத்து இழுத்தால் வீணையில் இழுக்கிற கமகத்துக்கு இன்னொரு வகையில் ஈடு கொடுக்கும். அகமது அலிக்குச் சமைத்துப் போட்டு, வீட்டு வேலை செய்து, குருவின் வரும்படியையும் சிந்தாமல் சிதறாமல் சேர்த்துவைத்து ஒப்படைத்தார். ஆனால் வித்தை? குரு கொஞ்சம்தான் சொல்லிக்கொடுத்தார். மீதியை இவர் குரு வீட்டில் இல்லாத நேரத்தில் தானே வாசித்துப் பழகினார், அது ஒருநாள் தெரிந்துபோனது. தன் வீட்டுச் சொத்தை வெளியாள் இப்படி எடுத்துக்கொண்டானே என்ற கோபமா, பயமா தெரியவில்லை. சீடனை அனுப்பிவிட்டார்கள்.

இந்த இடத்தை நம் காலத்து ஆட்கள் புரிந்துகொள்வது கொஞ்சம் கஷ்டம். அன்றைய வடநாட்டு உஸ்தாதுகளுக்கு ராகமும் கத்தும் (கத் என்றால் வாத்தியத்தில் வாசிக்கும் உருப்படி) நிலம், நகை மாதிரியான குடும்பச் சொத்து. மகனுக்கும் மருமகனுக்கும் போகும். வெளியாளுக்கு மேலோட்டமாக ஏதாவது கிடைக்கும், சாவி கிடைக்காது. ராம்பூர் நவாப் சபையில் இருந்த வசீர் கான் அக்பர் சபைப் பாடகர் தான்சேனின் வம்சம், பீன் என்கிற ருத்ர வீணையில் கரைகண்டவர். அவர் வீட்டு வாசலில் போய் அலாவுதீன் நின்றார். காவல்காரன் உள்ளே விடவில்லை. விஷம் தின்று செத்துப்போகலாம் என்று அபின் வாங்கி வைத்திருந்தார் என்றும், ஒரு மௌல்வி பார்த்துத் தடுத்து மனு எழுதிக் கொடுத்தார் என்றும், அதோடு நவாபின் வண்டிக்குக் குறுக்கே போய் விழுந்தார் என்றும் கதை. எவ்வளவு நிஜம், எவ்வளவு மெருகு என்று பிரிக்க முடியாது. நவாப் ஹமீத் அலி கான் கூப்பிட்டு விசாரித்தார், இவர் ஒவ்வொரு வாத்தியமாக எடுத்து வாசித்துக் காட்டினார், நவாப் சொல்லி வசீர் கான் சீடனாக ஏற்றார் என்பது வரை எல்லோரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள்.

ஏற்றுக்கொண்டாரே தவிர இரண்டு வருஷத்துக்கு மேல் ஒரு ஸ்வரமும் சொல்லித் தரவில்லை. அப்புறம் ஊரிலிருந்து ஒரு தந்தி வந்ததாம். மனைவி உயிரை விடப் பார்த்திருக்கிறார், காப்பாற்றிவிட்டார்கள். தந்தி வசீர் கான் கைக்குப் போக, இப்படியெல்லாம் விட்டுவிட்டு ஒருவன் நம் வாசலில் கிடக்கிறானா என்று அவரே கலங்கிப்போய், அன்றிலிருந்து கற்றுக்கொடுக்கத் தொடங்கினார் என்பார்கள். அப்போதும் பீன் மட்டும் கிடையாது, அது ரத்த சம்பந்தம் உள்ளவர்களுக்குத்தான். ரபாப், சுர்சிங்கார் என்ற கம்பி வாத்தியங்கள், அப்புறம் சரோத். பீனில் வாசிக்கிற அந்தத் துருபத் (வடநாட்டின் பழைய பாட்டுமுறை) ஆலாபனை முறையைச் சரோதுக்கு மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. பின்னால் மைஹர் பாணி என்று நாம் கேட்கிற நீண்ட ஆலாப், அதற்கப்புறம் வரும் ஜோட் (நம் தானத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரன்), ஜாலா (கடைசியில் வேகமாகக் கம்பியைத் தட்டி வாசிப்பது) எல்லாவற்றுக்கும் வேர் அங்கே இருக்கிறது.

1918இல் மைஹர் மகாராஜா பிரிஜ்நாத் சிங்கின் ஆஸ்தான வித்வானாக வந்து சேர்ந்தார். கல்கத்தா, பம்பாய் போன்ற பெரிய ஊரில் இருந்திருந்தால் கச்சேரி, பணம், சண்டை என்று போயிருக்கும். மைஹரில் ஒன்றும் கிடையாது. அதுவே நல்லதாகப் போயிற்று.

வந்த அந்தக் காலத்தில்தான் இன்ஃப்ளூயன்சா காய்ச்சல் நாட்டையே அள்ளிக்கொண்டு போனது. மைஹரிலும் அனாதைகளாகக் குழந்தைகள் நின்றார்கள். அவர்களைச் சேர்த்து ஒரு வாத்தியக்குழு ஆரம்பித்தார் பாபா. அதுதான் மைஹர் பேண்ட். பரம்பரை கிடையாது, ஜாதி மதம் பார்த்து எடுத்த ஆட்களும் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு ஸ்வரத்தை வாயால் பாடி, கையைப் பிடித்து வாத்தியத்தில் வைத்து, நூற்றுக்கணக்கான உருப்படிகளைப் பாடம் பண்ண வைத்தார். சித்தார், வயலின், செல்லோ, ஹார்மோனியம், எஸ்ராஜ் எல்லாம் ஒரே குழுவில். இதில் எனக்கு மிகவும் பிடித்தது நல்தரங். பழைய துப்பாக்கிகளின் குழாய்களை எடுத்து, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு ஸ்வரத்துக்கு வருகிற நீளத்தில் அறுத்து, வரிசையாகப் படுக்க வைத்து, ஜலதரங்கம் வாசிக்கிற மாதிரி குச்சியால் தட்டுவது. குழாய் குட்டையானால் ஸ்ருதி ஏறும், அவ்வளவுதான் சூத்திரம். ஆனால் அறுத்த இரும்பை மறுபடி ஒட்ட முடியாது, கொஞ்சம் கூடுதலாக அறுத்துவிட்டால் அந்தக் குழாய் போச்சு. இப்போதும் அந்தக் குழு இருக்கிறது, வீடியோக்கள் கிடைக்கின்றன. மணி மாதிரி கணீரென்று கேட்கும், பறவை சுடவோ ஆளைச் சுடவோ வைத்திருந்த சமாசாரம்.

இப்போது அடி. இதைச் சொல்லாமல் பாபாவைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது.

வெளியார் வந்தால் கும்பிட்டுக் குனிந்து உபசரிக்கிற மனிதர், பாடம் என்று உட்கார்ந்தால் ஆளே வேறு. மகன் அலி அக்பரைத்தான் ரொம்பப் படுத்தினார். தினம் 18 மணி நேரம் சாதகம் செய்ததாக அலி அக்பரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். மரத்தில் கட்டிவைத்து அடித்ததும், சோறு போடாமல் விட்டதும் எல்லாம் வெளியில் வந்த செய்திகள்தான். ஒரு கட்டத்தில் அவர் பம்பாய்க்கு ஓடிப்போய் வேறு பெயரில் ரேடியோவில் வாசித்துக்கொண்டிருந்தார் என்றும், மைஹர் அரண்மனையில் யாரோ ரேடியோவைத் திருப்ப, பையனின் கை தெரிந்துவிட்டது என்றும் கதை உண்டு. ஓடிவந்து சங்கீதம் கற்ற மனிதரின் வீட்டிலிருந்து பையன் ஓடிப்போகிறான், அதுவும் அதே சங்கீதத்துக்குப் பயந்து.

இந்த மாதிரிக் கதைகளைச் சொல்லும்போது நம்மவர்கள் குரலில் ஒரு பெருமை வந்து உட்கார்ந்துகொள்ளும். 'அந்தக் காலத்துல அடிச்சு வளர்த்தாங்க, அதான் அப்படி வாசிச்சாங்க.' எனக்கு இதில் துளியும் சம்மதம் இல்லை. சின்ன வயதில் எனக்கு வயலின் சொல்லிக்கொடுத்தவர் வில்லாலேயே விரல் கணுவில் தட்டுவார். எங்கள் தெருவில் அவரிடம் படித்த யாரும் வித்வானாகவில்லை, இரண்டு பேர் பெட்டியையே திறப்பதில்லை. ஆகவே அடி சங்கீதத்தைக் கொண்டுவராது. மைஹரில் அடி இருந்தது, சங்கீதமும் இருந்தது, அவ்வளவுதான் சொல்ல முடியும். பாபா சின்னப் பையனாக வாங்கிய அத்தனை புறக்கணிப்பும் கைவழியாக இறங்கியது என்றுதான் எனக்குப் படுகிறது. அதற்காக அதை நியாயம் என்று சொல்லத் தயாரில்லை.

ரவிசங்கர் மட்டும் தப்பித்தார். அவர் வந்த வழி வேறு. 1935இல் ரவிசங்கரின் அண்ணன் உதய் சங்கரின் நடனக் குழுவோடு பாபா ஐரோப்பா கிளம்பினார். பம்பாயில் கப்பல் ஏறும்போது உதய் சங்கரின் தாயார், கடைசிப் பையன் ரபுவின் (ரவிசங்கரின் செல்லப் பெயர்) கையை எடுத்துப் பாபாவின் கையில் வைத்து, இவனை உங்கள் பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அந்த அம்மாள் அதற்குப்பின் அதிக நாள் இருக்கவில்லை. கொடுத்த வாக்கை மனிதர் கடைசிவரை மீறவில்லை, ரவிசங்கர் மேல் கை வைத்ததில்லை. ஒரே ஒரு முறை கை பலமில்லாமல் விழுகிறதென்று, போய் வளையல் வாங்கிப் போட்டுக்கொள் என்று சொல்லிவிட்டார். அதற்கே ரவிசங்கர் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிட்டார். அலி அக்பருக்கு ஒன்றும் புரியவில்லை. வெறும் திட்டுக்கா இவ்வளவு? நாங்கள் வாங்காததா?

பாரிஸில் பட்டுச்சட்டையும் நட்சத்திர ஓட்டலுமாக வளர்ந்த அந்தப் பையன் 1938இல் மொட்டைத் தலையும் ஒரு தகரப்பெட்டியுமாக மைஹரில் வந்து இறங்கினான். தேளும் பாம்பும் நடமாடுகிற பக்கத்து வீட்டில் கயிற்றுக் கட்டில், ஓநாய் ஊளை, விடிவதற்கு முன்னால் சாதகம். ஏழு வருஷம் போல இருந்தார். 1941இல் பாபாவின் மகளையே கல்யாணம் செய்துகொண்டார். அந்தக் கல்யாணம் அப்புறம் எப்படிப் போயிற்று என்று ஆயிரம் பேர் எழுதியாயிற்று, சினிமாக் கதைபோலத் திரித்தும் எழுதியாயிற்று. நான் அதற்குள் போகப்போவதில்லை. அதே காலத்தில் உதய் சங்கர் அல்மோராவில் நடத்திய கலை மையத்தில் பாபாவும் கொஞ்ச காலம் கற்றுக்கொடுத்தார். அங்கே பரதநாட்டிய ஆசிரியராக இருந்தவர் நம் கந்தப்பப் பிள்ளை, பாலசரஸ்வதியின் குரு, தஞ்சை நால்வர் வழிவந்தவர். இமயமலை அடிவாரத்தில் இந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று யோசித்தால் ஆசையாக இருக்கிறது. கோபத்தில் யார் யாருக்கு இளைத்தவர் என்று வேறு யோசிக்கத் தோன்றுகிறது.

மகள் அன்னபூர்ணாவுக்கு வருகிறேன். அந்தப் பெயர் மகாராஜா வைத்தது, வீட்டுப் பெயர் ரோஷனாரா. மூத்த மகள் ஜெஹனாராவுக்குப் பாபா சங்கீதம் சொல்லிக்கொடுத்திருந்தார். புகுந்த வீட்டில் மாமியார் அவளுடைய தம்பூராவை எரித்தார். அந்தப் பெண் ரொம்ப நாள் வாழவில்லை. அதோடு இன்னொரு பெண்ணுக்குச் சொல்லித்தருவதில்லை என்று பாபா முடிவு கட்டியிருந்தார். ஒருநாள் அலி அக்பருக்குப் பாடம் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போனவர் திரும்பி வரும்போது, வெளியே விளையாடிக்கொண்டிருந்த சின்னப்பெண், அண்ணா அது அப்படி இல்லை, அப்பா சொன்னது இப்படி, என்று பாடிக்காட்டிக்கொண்டிருந்தாள். பின்னால் அப்பா நிற்கிறார். அடி விழப்போகிறதென்று நினைத்தவளை உள்ளே கூப்பிட்டுப் போய்த் தம்பூராவைக் கையில் கொடுத்தார்.

முதலில் சித்தார். பிறகு, தன் குருவின் வித்தையை உனக்குத் தரட்டுமா, உனக்குப் பேராசை கிடையாது என்று கேட்டு, சுர்பஹாருக்கு மாற்றினார். சித்தாரைவிடப் பெரிசு, ஸ்தாயி கீழே, தடித்த கம்பி. கை தட்டல் வாங்குகிற வாத்தியம் இல்லை, ஜனங்கள் தக்காளி வீசினாலும் வீசுவார்கள் என்று முன்கூட்டியே சொல்லித்தான் கொடுத்தார். பார்த்தீர்களா, வசீர் கான் வெளியாளுக்குப் பீன் தர மறுத்தார். அந்தப் பீனின் ஆலாப முறையை இந்த வெளியாள் கொண்டுபோய் வைத்தது ஒரு பெண்ணின் கையில். ராம்பூரில் யாரும் கனவில்கூட நினைத்திருக்க மாட்டார்கள். 1950களில் ரவிசங்கரோடு சில கச்சேரிகள் வாசித்தபின் அன்னபூர்ணா தேவி மேடையை விட்டார். அப்புறம் 2018இல் இறக்கும்வரை பம்பாயில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்குள் இருந்துகொண்டு காசு வாங்காமல் சொல்லிக்கொடுத்தார். வலது பக்கம் புல்லாங்குழல் பிடித்துப் பெயர் வாங்கியிருந்த சௌராஸியா, முதலிலிருந்து கற்கத் தயார் என்று காட்ட இடது பக்கம் மாற்றிப் பிடித்து வந்து நின்றது இந்த வீட்டு வாசலில்தான்.

நான் ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் இங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன். பாபா ஒரு பாணியைக் கற்றுக்கொடுக்கவில்லை, எதிரே உட்கார்ந்திருக்கிற ஆளைப் பார்த்து அந்த ஆளுக்கு வருகிற சங்கீதத்தைக் கற்றுக்கொடுத்தார். ரவிசங்கருக்கு லயத்தில் விளையாட்டு, மேடை சாமர்த்தியம். அலி அக்பருக்கு எதிர்பாராத இடத்தில் நிறுத்துகிற அந்தப் பெருமூச்சு மாதிரியான வாக்கியங்கள். நிகில் பானர்ஜி கல்கத்தாப் பையன், குழந்தை மேதை என்று பெயர் வாங்கியவர். 1947இல் வந்தவரைச் சேர்க்கப் பாபா முதலில் தயங்கினார், ரேடியோவில் அவர் வாசிப்பைக் கேட்டபின்தான் சரி என்றார். ரவிசங்கர் அதே சித்தாரில் உலகம் சுற்றிக்கொண்டிருக்கும்போது இந்தப் பையனுக்கு அதே வழியைக் கொடுத்தால் நகல் ஆகிவிடுவான் என்று வேறு வழி கொடுத்தார். நிகில் அதைப் பேட்டிகளில் நன்றியோடு சொல்லியிருக்கிறார். அவர் ஆலாப் வாசிக்கும்போது ஆள் பாடுகிற மாதிரி இருக்கும், கம்பி இருப்பதே மறந்துபோகும். புல்லாங்குழல் பன்னாலால் கோஷ் ஏற்கெனவே பெரிய பெயர் வாங்கிய பிறகு வந்து சீடரானார். சரண் ராணி சரோத்தை எடுத்த பெண். வயலின் வி.ஜி. ஜோக், இப்படிப் பட்டியல் போய்க்கொண்டே இருக்கும். அவரே பத்துப் பேரிடம், நாடகக்காரர், பேண்ட் மாஸ்டர், நவாபின் உஸ்தாத் என்று பொறுக்கிப் பொறுக்கிக் கற்றவர், இடது கையால் கம்பி மீட்டியவர். இதுதான் ஒரே முறை என்று அவர் வாயில் எப்படி வரும்? யாரிடமும் பாடத்துக்குக் காசு வாங்கவில்லை என்பது வேறு.

மதம் பற்றி ஒரு வார்த்தை. ஐந்து வேளைத் தொழுகை விடாதவர், சாரதா தேவிக்கும் பக்தர். இதை இப்போது போஸ்டர் போட்டு ஒற்றுமைப் பாடமாக ஆக்குகிறார்கள். அவர் வீட்டில் அது பாடம் ஒன்றும் இல்லை, பழக்கம். ஆனால் அந்தப் பழக்கம் எவ்வளவு சீக்கிரம் அன்னியமாகிவிடும் என்பதற்கு அவர் சொந்த மாவட்டமே சாட்சி. பிராமன்பாரியாவில் அவர் பெயரில் உள்ள சங்கீதாங்கன் என்ற இசைப்பள்ளியை 2016 ஜனவரியில் ஒரு கலவரக் கூட்டம் அடித்து நொறுக்கித் தீ வைத்தது. அங்கே வைத்திருந்த அவருடைய பொருட்களும் போயின. சரிசெய்து நிமிர்ந்தார்கள். 2021 மார்ச்சில் திரும்பவும் எரித்தார்கள். இதே மண்ணுக்காகத்தான் 1971 ஆகஸ்ட் 1ஆம் தேதி நியூயார்க்கில் நடந்த வங்கதேச நிதிக் கச்சேரியை ரவிசங்கரும் அலி அக்பரும் ஒரு வங்காள மெட்டோடு தொடங்கிவைத்தார்கள். அப்போது கிழவர் மைஹரில் உயிரோடு இருந்தார்.

விருதுகள் வந்தன. சங்கீத நாடக அகாதமி 1952, பத்மபூஷண் 1958, பத்மவிபூஷண் 1971. வங்காளப் பட இயக்குநர் ரித்விக் கட்டக் 1963இல் அவரைப் பற்றி ஒரு குறும்படம் எடுத்தார்.

எதைக் கேட்பது என்று யாராவது கேட்டால் நான் சொல்கிற வரிசை இது. பாபா வாசித்த பழைய ரேடியோப் பதிவுகளில் ஆரம்பிக்காதீர்கள். வயதான காலத்துப் பதிவுகள், இரைச்சல் அதிகம், கை முரடு, 'இவரா அவர்' என்று ஏமாந்துபோவீர்கள். முதலில் நிகில் பானர்ஜியின் ஹேமந்த். பாபா உண்டாக்கிய ராகம், நிகில் கையில் ராத்திரி நேரத்துக்கென்றே செய்த மாதிரி இருக்கும். அடுத்து அன்னபூர்ணா தேவியின் சுர்பஹாரில் மாஞ்ச் கமாஜ், அவருக்குத் தெரியாமல் எடுத்த பதிவு என்பார்கள், ஒலித்தரம் சுமார்தான். நம் கமாஸ் காதுக்குப் பழகியவர்களுக்கு அங்கங்கே தெரிந்த முகம் தென்படும், ஆனால் கம்பியை இழுத்துக் கீழ் ஸ்தாயியில் நிறுத்துகிற இடங்களில் நமக்குப் பழக்கமான எதுவும் உதவிக்கு வராது. அதற்கப்புறம் 1972 அக்டோபர் 8ஆம் தேதி ரவிசங்கரும் அலி அக்பரும் தபலாக்காரர் அல்லா ரக்காவோடு நியூயார்க்கில் வாசித்த ஜுகல்பந்தி. பாபா போய் ஒரு மாசம்தான் ஆகியிருந்தது. தொடங்குவது ஹேம் பிஹாக், அதுவும் அவர் செய்த ராகம். அதே மாஞ்ச் கமாஜ் இதிலும் வருகிறது, மகள் வாசித்ததோடு வைத்துக் கேட்டுப் பாருங்கள், ஒரே ஆளிடம் படித்த பாடமா இது என்று இருக்கும். ஆலாபில் சித்தார் ஒரு வாக்கியத்தை முடித்து விலகும், சரோத் அதைத் தொடராமல் வேறு எங்கிருந்தோ ஆரம்பிக்கும், கொஞ்ச நேரத்தில் இரண்டும் ஒரே ஸட்ஜத்தில் வந்து நிற்கும். ஹெட்போனில் கேளுங்கள், கார் ஸ்பீக்கரில் ஆலாப் முழுக்க டிராஃபிக்கில் கரைந்துவிடும். பாபாவின் சொந்தப் பதிவை இதையெல்லாம் கேட்டபிறகு போடுங்கள். அந்த முரட்டுக் கைக்குள் நான்கு பேரும் இருப்பார்கள்.